காப்பு நூலும் பிழைத்த மையமும்: காயற்றுறை ஏனாதி அழிசியாருக்கு விடுத்த ஓலை

வெண்கரை நாட்டின் நீரும் மணலும் நெய்தலும் காத்து, இளங்கோ அகவை நிறையுமளவும் அரியணையின் அருகிருந்து ஆணை செலுத்தும் பெருந்தேவி அவனிநங்கை, காயற்றுறைத் தலைவரும், ஏனாதிப் பட்டமும் பொன்மோதிரமும் எம் கையால் பெற்றவரும், பன்னீராண்டு மையங்காவலராய் இருந்தவருமாகிய அழிசியாருக்கு விடுக்கும் ஓலை.

உம் துறையில் மீன் பொலிக. உம் துறை மாந்தர் நோயின்றி வாழ்க. அவர்தம் கலங்கள் காற்றறிந்து கரை சேர்க. துறைத் தலைவர்க்கும் ஒரு வாழ்த்து எழுதுவது மரபு. எழுத்தாணி அவ்விடத்தில் நின்றுவிட்டமையால் மேலே செல்கிறோம்.

இவ்வோலையை நீர் தனித்திருந்து படித்து மடித்து வைக்கலாகாது. துறை அவையைக் கூட்டி, வலைஞரும் உப்பு விற்கும் உமணரும் கேட்கும்படி, ஒரு வரியும் விடாது உம் வாயாலேயே வாசித்தல் வேண்டும். நீர் அறிந்த கதையை நாம் அறியாதார்க்கு உரைப்பதுபோல் உரைப்பது அதன்பொருட்டே. சாட்சி சொல்வாரின் வாய்மொழியைத் திருத்தாமல் அப்படியே பொறிப்பது நம் அவை வழக்கம் ஆதலின், அவரவர் சொல் அவரவர் சொல்லாகவே இங்கு நிற்கும்.

முத்தேரிக் காயல் எவர்க்கு என்று நமக்கும் மேலாற்று நாட்டார்க்கும் இடையே மூன்று தலைமுறை குருதி ஓடியது. நான்காம் தலைமுறையில் இரு நாட்டு வேந்தரும் வேலைக் கீழே வைத்து, ஆண்டுக்கொருமுறை ஆனி முழுநிலா நாளில் ஒளித்திரையில் ஓடம் விட்டு, எவர் ஓடம் முந்துகிறதோ அவர்க்கே அவ்வாண்டு காயல் என்று உடன்பட்டனர். அன்று தொட்டு இன்றளவும் அக்காயலின்பொருட்டு ஒருவரும் மாண்டதில்லை. ஓடத்தைச் செலுத்துவது கைப்பொறி. தூரதேசத்து வணிகர் அதைக் கண்ட்ரோலர் என்பர். இரு கைக்குள் அடங்கும் அப்பொறியின் மேல் காளான்போல் ஒரு சிறு கோல் எழுந்து நிற்கும். பெருவிரலால் அதனை எப்பக்கம் சாய்த்தாலும் திரையில் ஓடம் அப்பக்கம் திரும்பும். விரலை எடுத்தால் கோல் தானே நிமிரும், ஓடம் நேரே போகும். விரல் படாதபோதும் ஓடம் ஒருபக்கமாய் ஒதுங்குமாயின், கோல் வழுவிற்று என்பர்.

அவ்வாறு வழுவாதிருக்கவே மையங்கட்டுதல் என்னும் வினை உண்டு. போட்டிக்கு மூன்று நாள் முன்பு பொறிக்கொல்லர் பொறியைத் துடைத்து, கோலை ஒருவரும் தொடாமல் தன்போக்கில் நிற்கவிட்டு, இதுவே உன் நடு என்று பொறிக்கு உணர்த்துவார். பின் கோலை விளிம்பு தொட மும்முறை வட்டமாய்ச் சுழற்றி, இதுவே உன் எல்லை என்று உணர்த்துவார். அதன் பின்னரே மையங்காவலர் மஞ்சள் தோய்த்த காப்பு நூலைக் கோலில் சுற்றி, பொறியின் பக்கத்துக் கொக்கியாகிய கொளுவியில் இழுத்து முடிந்து, பேழையில் வைத்துக் காப்பார். களத்தில் அந்நூலை அறுப்பவர் ஆடுபவரே. நூல் அறுந்தபின் ஆடுபவர் பொறியைக் குறைகூறி எழலாகாது. ஆட்டத்தை நிறுத்த வல்லது மையங்காவலர் மடியிலிருக்கும் சங்கு ஒன்றே. ஆடுபவர் தம் கையையும் மானத்தையும் காவலரிடம் ஒப்புவித்துவிட்டு ஆடுகிறார் என்பது இவ்வழக்கின் பொருள். இவ்வழக்கைத் துறை அவையில் பன்னிரண்டு முறை எடுத்துரைத்தவர் நீர்.

நமக்காக ஆடுபவள் நீலவடிவு. ஓடம் பொளியும் தச்சன் மகள். ஏழாண்டு ஆடி ஐந்தாண்டு காயலைக் கொணர்ந்தவள். அவளை முதன்முதலில் எம்மிடம் அழைத்து வந்தவர் நீர். உம்மை அவள் அண்ணன் என்று அழைப்பாள். ஒரு வயிற்றில் பிறவாதார் ஒருவரையொருவர் அழைக்கும் சொல்லாகத் தொடங்கி, நாளடைவில் ஒரு வயிற்றில் பிறந்தாரிடத்தும் இல்லாத உறுதி அச்சொல்லுக்கு வந்தது. பேழையை உம்மிடம் ஒப்புவித்த அன்று அவள் வாயிலில் நின்று எல்லாம் சரியா என்று கேட்டிருக்கிறாள். நான் இருக்கிறேன், போய்ச் சாப்பிடு என்றீராம். போய்ச் சாப்பிட்டிருக்கிறாள்.

அந்நாளில் நிகழ்ந்தது இது. கணியர் குறித்த நல்ல பொழுது உச்சிக்குமுன் கழிந்துவிடும் நிலையில் இருந்தது. பொறிக்கொல்லர் செவ்வந்தியான் கோலின் அடியைத் துடைத்து முடிக்கவில்லை. காப்புக்குரிய பொழுது தவறினால் உலகம் தம்மைப் பழிக்கும் என்று அஞ்சி, நீர் நூலை முதலில் கட்டினீர். கட்டியபின் மையம் வைக்கச் சொன்னீர். நூலோ கோலை இடப்பக்கம் ஒரு நெல்லளவு சாய்த்து இழுத்துக்கொண்டு நின்றது. செவ்வந்தியான் மறுத்தார். மறுத்த சொல்லை அவர் வாய்மொழியாகவே தருகிறோம்.

"ஏனாதி ஐயா, முளையில கட்டின மாடு எட்டுற தூரத்தை வெச்சு இதுதான் மேய்ச்சக்காடுன்னு சொல்ற கதையா இருக்கு இது. நூலை அவுத்துட்டுத்தான் நடு வைக்கணும்."

கட்டிய காப்பை அவிழ்ப்பது போட்டிக்கே தீங்கு என்றும், வைக்கச் சொன்னதை வைப்பதே கொல்லன் வேலை என்றும் நீர் உரைத்தீர். கோலைச் சுழற்ற நூல் இடங்கொடாமையால், சென்ற ஆண்டின் எல்லையே போதும் என்றும் சொன்னீர். அவர் வைத்தார். வைத்த கை காயுமுன்னே, குன்றக்கோட்டையில் பொறிகள் பழுதென்று சொல்லி, ஆறு நாள் நடையில் உள்ள அவ்வூருக்கு அவரை அனுப்பினீர். குன்றக்கோட்டையில் ஒரு பொறியும் பழுதில்லை. இதைச் சொல்லும்போது செவ்வந்தியான் சிரித்தார். அவையில் வேறு எவரும் சிரிக்கவில்லை.

முழுநிலா நாளில் நீலவடிவு களத்தில் அமர்ந்து நூலை அறுத்தாள். அறுத்த கணத்தில், தன் விரல் கோலில் படுமுன்னே, திரையில் ஓடம் வலப்பக்கம் ஒதுங்கக் கண்டாள். சாய்ந்து நின்ற இடத்தை நடு என்று கற்பிக்கப்பட்ட பொறி, கோல் நிமிர்ந்து நின்றதை வலப்பக்கச் சாய்வு என்று கொண்டது. அவள் உடனே உணர்ந்தாள். நூல் அறுந்து முரசும் முழங்கிவிட்டது; அவள் எழலாகாது. இடக்கையை மட்டும் உயர்த்தி, உம் பக்கம் திரும்பி, இழுக்குது அண்ணே என்றாள். முன்வரிசையில் இருந்த நால்வர் அச்சொல்லைக் கேட்டிருக்கின்றனர். சங்கு உம் மடியில் இருந்தது. நீர் மேலாடையைச் சரிசெய்வார்போல் அதன் தலைப்பை எடுத்துச் சங்கின்மேல் போட்டுக்கொண்டீர்.

அவள் அதையும் கண்டாள். கண்டும், அண்ணன் ஊதவில்லையெனில் ஏதோ காரணம் இருக்கும் என்று எண்ணினாளாம். பிறகு திரும்பி ஆடினாள். வலப்பக்கம் இழுக்கும் ஓடத்தை நேரே செலுத்துவதற்காகக் கோலைத் தொடக்கம் முதல் இடப்பக்கமே அழுத்திப் பிடித்து, எட்டு வளைவுகளைக் கடந்து, எட்டாவதில் மேலாற்றார் ஓடத்தை முந்தியும் விட்டாள். ஒன்பதாம் வளைவு இடப்பக்கம் முற்றத் திரும்புவது. கோலை விளிம்பு மட்டும் சாய்த்தாள். நேர்செலுத்தவே இடப்பக்கச் சாய்வில் ஒரு பங்கு செலவாகியிருந்தமையால், முற்றத் திரும்புதற்கு வேண்டிய மிச்சம் அப்பொறியில் இல்லை. ஓடம் பாறையில் உராய்ந்தது. அரை ஓட நீளத்தில் காயல் போயிற்று. முந்நூறு குடும்பத்தார் வலையை உலர்த்திக் கூரையில் செருகினர்.

தோற்பது குற்றமன்று. ஆனால் ஆட்டம் முழுதும் அவள் விரல் இடப்பக்கமே இருந்தது ஏன் என்று முதலில் எழுந்து கேட்ட குரல் எவருடையது என்பதை நீர் அறிவீர். வாசிக்கும்போது அவ்விடத்தில் சற்று நிறுத்தி, எனது குரல் என்று உரைத்து மேலே செல்க. எந்த விரலால் நாட்டைக் காக்க முயன்றாளோ அந்த விரலே அவள்மேல் சாட்சியாயிற்று. அவளைக் கோட்டைப் புறமாளிகையில் காவலில் வைத்தோம்.

நான்காம் நாள் நீர் அவளைக் காணச் சென்றீர். செம்பில் மோர் கொண்டு சென்றீர். கொப்புளம் எழுந்து வீங்கியிருந்த அவள் பெருவிரலைப் பார்த்து, வேப்பெண்ணெய் தடவு என்றும் சொன்னீராம். பிறகு ஓர் ஓலையை நீட்டினீர். அன்று நீர் சொன்னதாக நீலவடிவு அவையில் உரைத்தது இது.

"கை நடுங்கிப்போச்சுன்னு ஒரு வரிதான் எழுதியிருக்கேன் தங்கச்சி. விரலை வெச்சிடு. பெருந்தேவி மனசு இளகினவங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அவள் வீங்கிய விரலையே மையில் தோய்த்து வைத்தாள். அந்த ஓலையில் இருந்ததோ, மேலாற்றார் சொற்படி ஓடத்தைப் பாறையில் செலுத்தினேன் என்னும் வாசகம். அதனை நீர் எம்மிடம் கொணர்ந்தபோது உம் கண் கலங்கியிருந்தது. உடன்பிறந்தாளைப்போல் வளர்த்தேன், என் கையாலேயே இதைக் கொடுக்க நேர்ந்ததே என்றீர். யாம் உம்மைத் தேற்றினோம். அன்று யாம் தேற்றிய சொற்களில் ஒன்றேனும் இன்று திரும்பக் கிடைக்குமாயின் காயலையே கொடுத்து வாங்குவோம்.

அவையில் அவளை நிறுத்தி, இது உன் விரற்குறிதானா என்று வினவினோம். அவள் எம்மைப் பார்க்கவில்லை, உம்மைப் பார்த்தாள். நீர் பேசுவீர் என்று ஒரு நாழிகைபோல் நின்றாள். பின்பு ஆம் என்றாள். வரும் அமாவாசையன்று அவளை உப்புத்தீவில் கொண்டுவிடுவதென்றும், ஆயுளளவும் கரை மிதிக்கலாகாதென்றும் தீர்ப்பெழுதி இலச்சினை இட்டோம். நீரோ துறையில் அலுவல் என்று விடைபெற்றுக் காயற்றுறை சென்றீர்.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கையில் செவ்வந்தியான் திரும்பினார். வழியில் ஒரு தண்ணீர்ப்பந்தலில் செய்தி கேட்டு, செருப்பு தேய்ந்து அறுந்தபின் வெறுங்காலால் நடந்து, நேரே அவைக்கு வந்து கைப்பொறியைக் கேட்டார். கோலின் அடியில் தூசி சேர்ந்ததாலோ உள்ளிருக்கும் தகடு தேய்ந்ததாலோ வழுவியிருக்கும், அதற்கு எவரும் பொறுப்பல்லர் என்று அமைச்சருள் ஒருவர் உமக்காகப் பரிந்துரைத்தார். கொல்லர் பொறியைத் திறந்து, சாராயத்தில் நனைத்த பஞ்சால் கோலின் அடியைத் துடைத்து மூடித் திரையோடு இணைத்தார். கோல் நிற்கும் நிலையைக் காட்டும் வெண்புள்ளி, வட்டத்தின் நடுவில் நில்லாது வலப்பக்கம் தள்ளி நின்றது. துடைக்குமுன் நின்ற இடத்திலேயே நின்றது.

"தூசின்னா புள்ளி துள்ளும் தாயே, தேய்மானம்னா அலையும். சின்ன நடுக்கத்தை இந்தப் பொறியே காதுல போட்டுக்காது. இது துள்ளலை, அலையலை, ஒரே எடத்துல நிக்குது. அங்க நில்லுன்னு யாரோ சொல்லிக் குடுத்ததை அது மறக்காம வெச்சிருக்கு."

இவ்வாறு உரைத்து, ஒரு மஞ்சள் நூலை வாங்கி, முன்போலவே கோலில் சுற்றிக் கொளுவியில் இழுத்து முடிந்தார். புள்ளி மெல்ல நகர்ந்து வட்டத்தின் நட்டநடுவில் வந்து நின்றது. நூலை அறுத்தார், வலப்பக்கம் போயிற்று. மீண்டும் கட்டினார், நடுவுக்கு வந்தது. மூன்றாம் முறை கட்டும்போது போதும் என்றோம். உமக்காகப் பரிந்துரைத்த அமைச்சர் தம் இருக்கையை விட்டு எழுந்து நின்றவர், அன்று முழுதும் அமரவில்லை.

நீலவடிவை அழைப்பித்தோம். பொறி பிழையென்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். சொன்னேனே தாயே, களத்தில் சொன்னேன் என்றாள். விரல் வைக்குமுன் ஓலையைப் படிக்கலாகாதா, எழுத்தறிந்தவள்தானே என்று கேட்டோம். அண்ணன் எழுதியதைப் படித்துப் பார்ப்பது அவரைச் சந்தேகிப்பது ஆகாதா என்று எம்மையே திருப்பிக் கேட்டாள். யாமும் அவ்வோலையை உம் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் படித்தோம். பின், எவரும் கேளாமலே அவள் சொன்னாள்.

"நூலை முன்னாடி கட்டினது தப்புத்தான். அதுக்கு நான் அவரோட சண்டை போட்டிருப்பேன், ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன், அப்புறம் சரியாயிருக்கும். அவரு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே மோர் கொண்டாந்தாரு பாருங்க, அதைத்தான் என்னால முழுங்க முடியலை."

அழிசியாரே, அவள் சொன்னதையே யாமும் சொல்கிறோம். காப்பைப் பொழுதறிந்து கட்ட வேண்டும் என்று பதறியது பிழை. அப்பிழை நம் நாட்டில் எவரும் செய்யக்கூடியது. பிழைக்கு நம் அவையில் தண்டமில்லை. களத்தில் ஒருமுறை சங்கை எடுத்து ஊதியிருந்தால், அவையோர் உம்மை இரண்டு நாள் எள்ளி நகைத்திருப்பர்; மூன்றாம் நாள் மறந்திருப்பர். அந்த நகைப்புக்கு அஞ்சி ஒருத்தியின் நாட்டையும் பெயரையும் எடுத்துக்கொண்டீர். பகைவர் எமக்குச் செய்தவற்றைக் கணக்கிட்டு வைத்திருக்கிறோம். அவற்றுள் எதுவும் எம் வீட்டு மோர்ச்செம்பில் வந்ததில்லை.

மேலாற்று வேந்தர்க்கு நிகழ்ந்ததை அறிவித்து, உடன்படிக்கையின்படி மறுஆட்டம் வேண்டினோம். உங்கள் பொறி, உங்கள் நூல், உங்கள் காவலன், இதில் எங்கள் பங்கு என்ன என்று அவர் வினவியது முறையே. ஆயினும், மையம் பிழைத்ததென்று மையங்காவலர் இருநாட்டார் முன்னும் தம் வாயால் உரைத்தால் ஆடி முழுநிலாவில் மீண்டும் ஆடலாம் என்பது பழைய வாசகம். அதை மறுப்பதற்கில்லை என்றும் எழுதியுள்ளார். ஆக, முந்நூறு குடும்பத்தாரின் வலையும், மேலாற்று நாட்டார் நாவில் இன்றளவும் நாட்டைக் காட்டிக்கொடுத்த இரண்டகி என்றே வழங்கும் நீலவடிவின் பெயரும், உம் வாய் திறப்பதில் தொங்குகின்றன. எம் தீர்ப்பை யாமே கிழித்தோம். அவள் பெயரை எம்மால் மட்டும் மீட்கமுடியவில்லை.

ஆதலின் ஆணை இது. ஏனாதிப் பட்டமும் மோதிரமும் இவ்வோலை கண்ட பொழுதே நீங்கின. நீர் ஆடி முழுநிலாவுக்கு மூன்று நாள் முன்பு களத்துக்கு வந்து, இருநாட்டார் நடுவில், குடையின்றியும் மேலாடையின்றியும் நின்று, நூலை எப்பொழுது கட்டினீர், சங்கை ஏன் எடுத்தீரில்லை, ஓலையில் என்ன எழுதினீர் என்னும் மூன்றையும் கூட்டாமல் குறைக்காமல் உரைத்தல் வேண்டும். உரைத்தபின் உம் உயிர்க்கும் உம் மக்கட்கும் எம்மால் தீங்கில்லை. உரையாது ஒளிந்தால் தேடோம். ஒளிந்தார் என்று இருநாட்டிலும் முரசறைவோம். இனி மையங்காவலர் என்னும் பதவி இந்நாட்டில் இல்லை. ஆடுபவரே பலர் பார்க்கத் தம் கோலுக்கு நடு வைப்பார். காப்பு நூல் பேழைக்குக் கட்டப்படும், கோலுக்கன்று. செவ்வந்தியான் பொறிக்குப் புதுமையம் கட்டிவிட்டார்; புள்ளி நடுவில் நிற்கிறது.

இவ்வோலையை விரைவோடத்தில் அரச தூதன் வசம் அனுப்பவே எண்ணினோம். நீலவடிவு, தானே கொண்டுசெல்ல வேண்டும் என்றாள். தூதன் இருக்க நீ ஏன் என்று வினவினோம். பொறியை நம்பி ஒருவர் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன் தாயே, இதை யார் கையிலும் கொடுக்கமாட்டேன் என்றாள். எம் பிழைக்கு ஈடாக எம்மிடம் வேறு எதுவும் அவள் கேட்கவில்லை ஆதலின் இசைந்தோம்.

எனவே, வாசித்துக்கொண்டிருக்கும் நீர் இவ்விடத்தில் ஓலையைத் தாழ்த்தி, அதை உம்மிடம் நீட்டியவளை நிமிர்ந்து பார்ப்பீராக. அவள் ஏதும் சொல்லமாட்டாள். சொல்லவேண்டாம் என்று யாம் கூறியதன்று, அவளே கொண்ட முடிவு. நீர் சொல்லவேண்டியது ஏதேனும் இருப்பின் அவை கேட்கச் சொல்க. பின் ஓலையை மடித்து அவள் கையிலேயே கொடுக்க. அவள் படகேறித் துறை கடக்குமளவும் அமராது நிற்க.

ஆடி அமாவாசை நாளில், வெண்கரைக் கோட்டையில், தென்வாயில் அவையத்து எழுதப்பட்டது. அவளை உப்புத்தீவுக்கு அனுப்பத் தீர்ப்பெழுதிய ஓலைக்கு இலச்சினை இட்ட கையே இதற்கும் இட்டது. முன்னதை யாம் மீண்டும் படித்துப் பாராமல் இட்டோம். இதனை மும்முறை படித்தபின் இட்டோம். இவை பெருந்தேவி எழுத்து. கடல் சான்று.